எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசியவர்

கேள்வி கேட்டால் அவர் முதலில் எஞ்சினை நிறுத்துவார். ஓரம் பார்த்து, பின்னால் வருகிற வாகனத்துக்கு வழிவிட்டு, வீதியில் கழுதைகள் நின்றால் அவை விலகும்வரை பொறுத்து, வான் வண்டியை நிறுத்தி, திறப்பைத் திருப்பி எஞ்சினை அணைத்து, அந்த அதிர்வு முழுவதும் அடங்கிய பிறகுதான் வாய் திறப்பார். நாங்கள் கேட்ட கேள்வி எங்களுக்கே மறந்துபோயிருக்கும். அவருக்கு மறந்திருக்காது.

மூன்று நாட்கள் அவர் ஓட்டிய வானில் மன்னார்த் தீவைச் சுற்றினேன். அவருடைய இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. எழுபத்தைந்தைத் தாண்டிய முழங்கால்களை மடக்கி உட்கார்ந்திருப்பவனுக்கு, வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் பொறுமை. கட்டடத்தின் பெயரைக் கேட்டதற்கும் நிறுத்தினார். வெயில் ஏறுமா என்று கேட்டதற்கும் நிறுத்தினார். இரண்டாவதற்கு அவர் சொன்ன விடை, "அது எனக்குத் தெரியாது, சேர்" என்பது.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், இந்தப் பக்கங்களில் எந்த வரி சரி, எந்த வரி பிழை என்று ஒவ்வொன்றாகச் சொல்லக்கூடியவர் அவர். அந்தப் பரீட்சைக்கு இந்த வயதில் நான் தயாராக இல்லை.

அது மார்கழி மாதம். நத்தார்ப் பண்டிகை முடிந்திருந்தது. என் மகளின் மாமனாரும் மாமியாரும் லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்திருந்தார்கள். சம்பந்தி அங்கே பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பந்தியம்மா போகிற இடமெல்லாம் ஒரு சிறு கொப்பியில் சமையற் குறிப்பு எழுதுகிறவர். "அண்ணையின்ர ஊரை ஒருக்காப் பாக்க வேணும், அங்கத்தைச் சாப்பாட்டைச் சாப்பிட வேணும்" என்று அவர் சொன்னபோது மறுப்பதற்கு எனக்கு நாகரிகமான காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. கல்வித் திணைக்களத்தில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்ற நான், கொழும்பில் நாற்பது வருடங்களாக "மன்னார் ஆள்" என்று மரியாதையுடன் அறியப்பட்டவன். அந்த மரியாதை மன்னாரை நேரில் பார்க்காதவர்களிடம் சம்பாதிக்கப்பட்டது.

இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் தலைமன்னார் இறங்குதுறையின் சுங்கக் கந்தோரில் இருந்தவர் என்று சம்பந்திகளுக்குச் சொல்லியிருந்தேன். அது பொய்யல்ல. அங்கே இரண்டு வருடம் காவற்காரராக இருந்து, எனக்கு நான்கு வயதாகும்போது காய்ச்சலில் இறந்தார். அதன் பின்பு, இந்தியாவுக்குக் கப்பல் ஏறக் காத்திருந்தவர்களுக்கு இறங்குதுறையில் சாப்பாடு விற்றுத்தான் என் தாயார் என்னை வளர்த்தார். யாழ்ப்பாணத்துக் கல்லூரி விடுதிக்கும் அனுப்பினார். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நான் பொய் சொல்லிப் பழகாதவன். ஆனால் சொல்லாமல் விட்டவற்றை ஒழுங்காக அடுக்கிப் பூட்டி வைத்திருந்தேன். மகளின் கலியாணப் பேச்சிலும் அந்தப் பூட்டைத் திறக்கவில்லை. ஆகவே மூன்று நாள் நிரலில் கோட்டையையும் பெருக்கமரத்தையும் பறவைகளையும் முன்னால் போட்டு, தலைமன்னாரைக் கடைசி நாள் பின்னேரத்துக்குத் தள்ளினேன். நேரம் போதாமற் போய்விடும் என்று உள்ளூர நம்பினேன்.

தங்குமிடத்தார்தான் வானையும் அவரையும் ஒழுங்கு செய்து தந்தார்கள். முதல் நாட் காலை வாசலில் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். கடலில் தொழில் செய்து விட்டவருக்குரிய தோள். தூக்கம் போதாதவருடைய கண்கள். மூச்சை மிச்சம் பிடிப்பவர் போல மெதுவாகப் பேசினார். சம்பந்திக்கும் சம்பந்தியம்மாவுக்கும் தலையசைத்தார். என்னைச் சற்று அதிக நேரம் பார்த்தார். நான் தடியை ஊன்றிக்கொண்டு முன் இருக்கையில் ஏறினேன்.

பெருக்கமரத்தடியில் சம்பந்தி கேட்டார்: "தம்பி, இந்த மரத்துக்கு எத்தினை வயசு?"

"பலகையில எழுதியிருக்கு, சேர்."

"அது கண்டனான். உண்மையோ எண்டு கேக்கிறன்."

"நான் சின்னப் பொடியனா இருக்கேக்குள்ளயும் இந்தளவுதான் நிண்டது. அதுக்கு முன்னம் எனக்குத் தெரியாது."

கோட்டையில் சம்பந்தி நிலத்தடிச் சுரங்கத்தைப் பற்றிக் கேட்டார். சுரங்கம் என்று சொல்லுவார்கள், தான் காணவில்லை என்றார் வான்காரர். சிறு வயதில் கேள்விப்பட்ட சுரங்கக் கதையைச் சம்பந்திகளுக்குச் சொல்ல நான் எடுத்த எடுப்பு அந்த இடத்திலேயே நின்றுபோனது. ஏரிக்கரையில், தூரத்தில் வெளிறிய சிவப்பாக ஒரு வரி தெரிந்தது. சம்பந்தியம்மா மகிழ்ச்சியோடு கைபேசியை எடுத்தார். "பூநாரைதானே, தம்பி?"

அவர் நெற்றியில் கையை வைத்து நெடுநேரம் பார்த்தார். "இருக்கலாம், அம்மா. தூரம் கூட. வெயில் பட்டாக் கொக்கும் இப்பிடித் தெரியும்."

"ஓம் எண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும் உமக்கு?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"எனக்குக் குறையாது, சேர். அவை லண்டனில போய்ப் பூநாரை கண்டனாங்கள் எண்டு சொல்லுவினம். சொல்லுற நேரம் அது கொக்கெண்டா?"

சம்பந்தி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாராபுரத்துப் பக்கம் ஒரு முஸ்லிம் கடையில் வட்டிலப்பம் சாப்பிட நிறுத்தினோம். கடைக்காரர் தட்டை வைத்துவிட்டு அவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க நானா, எப்படி எங்கட வட்டிலப்பம்?" என்றார்.

"நேற்றையது. நல்லாத்தான் இருக்கு. ஆனா நேற்றையது."

கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். "இந்த மனிசன வெச்சி ஒரு வாழப்பழம் விக்கேலாது. வந்த சனத்தையும் கலைச்சிப்போட்டுத்தான் போவாரு." ஆனாலும் தேநீரை அவருக்கே முதலில் வைத்தார். அதை நான் கவனித்தேன்.

இரண்டாம் நாள் முழுநிலவுப் போயா விடுமுறை. தங்குமிடத்தில் மத்தியானத்துக்கு நண்டுக்கறிக்குச் சொல்லியிருந்தேன். மன்னார் நண்டைப் பற்றிச் சம்பந்திகளிடம் இரண்டு வருடங்களாகப் பேசியிருக்கிறேன். மேசையில் துணி விரித்தாகிவிட்டது. எங்களை இறக்கிவிட வந்தவர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சேர், இண்டைக்கு நண்டு சாப்பிடாதேங்கோ."

"ஏன்? பழுதோ?"

"பழுதில்லை. பறுவம். பறுவத்து நண்டு வெறுங் கூடு. உடைச்சா உள்ளுக்குத் தண்ணிதான். இருட்டுக்குத்தான் சதை பிடிக்கும். கொழும்பு ஆக்கள் போயா லீவு பாத்து வாறது, வந்து நண்டு கேக்கிறது. ஒருத்தரும் சொல்லுறேல்லை."

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. கடற்கரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. நான் மறந்துபோயிருந்தேன் என்பது சம்பந்திகளுக்கு முன்னால் வெளிப்பட்டதே எனக்கு உறுத்தியது. "சொன்னது சொன்னதுதான். வைக்கட்டும்" என்றேன். வைத்தார்கள். சம்பந்தி ஓட்டை உடைத்து உடைத்து உறிஞ்சினார். "குழம்பு நல்லா இருக்கு, அண்ணை" என்றார் மரியாதையாக. வான்காரர் வெளியே வானுக்குள் இருந்தபடி, தான் கொண்டுவந்த சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் சொன்னால் அவர் ஒரு பிடிவாதக்காரர் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் அவருக்கு எதிரே இருந்து நேரம் போக்குவதற்காகச் சகோதரங்களைப் பற்றிக் கேட்கும்வரை.

"ஒரு அண்ணை. கடலுக்குப் போனவர். வரேல்லை."

"எப்ப?"

"சண்டைக் காலம். நாங்கள் இந்தியாவில முகாமில இருந்து திரும்பி வந்து கொஞ்ச நாள்." கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "வீட்டில வருசா வருசம் அவருக்குப் பூசை குடுக்கினம். நான் கோயிலுக்குப் போறனான், ஆனா அந்தப் பூசைக்குப் போறேல்லை. செத்ததை நான் காணேல்லை. அண்ணிக்குக் கோவம். பங்குச் சுவாமியும் கூப்பிட்டுக் கதைச்சவர். என்ன சொல்லுறது, சேர்? போனதைக் கண்டனான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவருடைய குரலில் துக்கம் இருந்ததென்று சொல்ல மாட்டேன். நீண்ட காலம் ஒரே பாரத்தை ஒரே கையில் வைத்திருப்பவருடைய களைப்பு இருந்தது. ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்தில் அவருக்கு நிம்மதி கிடைத்திருக்கும். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. அதன்பின் அவர் எஞ்சினை நிறுத்தும்போது என் முழங்கால்களைப் பற்றி முறையிடுவதை விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் நேரம் போதாமற் போகவில்லை. பின்னேரம் மூன்றரைக்கே தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்துவிட்டோம். வாடைக்காற்று மணலை வாரி வீசியது. கடலுக்குள் நீண்டு கிடந்த, பியர் என்று ஊரார் சொல்லும் பழைய பாலத்தின் இரும்பு சிவந்து இற்றுப்போயிருந்தது. சம்பந்தி இறங்கி நின்று, "அண்ணை, அப்பா எந்தக் கட்டடத்தில இருந்தவர்?" என்று கேட்டார். நான் தடியைப் பொதுவாக ஒரு திசைக்கு நீட்டி, "அந்தப் பக்கம்" என்றேன். அந்தப் பக்கத்தில் மணலும் எருக்கஞ்செடியும்தான் இருந்தன.

காற்றுத் தாங்காமல் வானுக்குள் ஏறிக்கொண்டோம். அவர் வானை எடுத்துச் சிறிது தூரம் போயிருப்பார். பின்னாலிருந்து சம்பந்தியம்மா, "தம்பி, கப்பல் ஓடின காலத்தில இங்க வந்த ஆக்கள் என்ன சாப்பிட்டவை?" என்று கேட்டார்.

வான் ஓரம் கட்டியது. எஞ்சின் நின்றது.

"கனபேர் வித்தவை, அம்மா. எல்லாம் நல்லதெண்டு நான் சொல்லமாட்டன். ஒரு மனிசி வித்தவ. பிட்டும் சுறா வறையும், பூவரசம் இலையில சுத்தி. என்ர தேப்பன் கப்பலுக்குச் சாமான் ஏத்திறவர். வேலை முடிய எனக்கு ஒரு சுத்து வேண்டித் தருவார். அப்ப எனக்கு ஏழெட்டு வயசு. அதுக்குப் பிறகு எத்தினையோ இடத்தில சாப்பிட்டிட்டன். அந்த வறை மாதிரி ஒண்டு நான் சாப்பிடேல்லை. அது நல்ல சாப்பாடு."

மூன்று நாட்களில் ஒரு பண்டத்தை "ஆனால்" என்ற சொல் இல்லாமல் அவர் நல்லதென்று சொன்னது அப்போதுதான். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தேன்.

சம்பந்தியம்மா கொப்பியைத் திறந்துவிட்டார். "வறையில தேங்காய்ப்பூ போடுறதெல்லோ. இந்த வெக்கைக்கு மத்தியானத்துக்குள்ள புளிச்சுப் போகுமே?"

"கப்பலில கொண்டுபோய் அங்கால கரையில அடுத்த நாள் சாப்பிட்ட ஆக்களும் இருக்கினம். புளிக்கேல்லை."

"அதென்னெண்டு?"

"அது எனக்குத் தெரியாது, அம்மா. நான் சாப்பிட்டனான். சமைச்சதைக் காணேல்லை."

"அவவுக்குப் பிள்ளையள் இருந்திருப்பினமே? ஆரையும் கேக்கலாமோ?"

"ஒரு மகன். படிச்சவர். கொழும்புப் பக்கம் போனவர்."

"இப்ப என்ன செய்யிறார்?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதை அவரைத்தான் கேக்க வேணும், அம்மா."

அதன் பிறகும் அவர் வானை எடுக்கவில்லை. கை திறப்பில் இருந்தது; திருப்பவில்லை. மணல் கண்ணாடியில் வந்து வந்து விழுந்தது. என் தாயார் இறந்து எத்தனையோ வருடங்களாகின்றன. அவருடைய சாவீட்டுக்கு நான் வந்தேன். எட்டாம் நாட் சடங்கு முடிந்த கையோடு திரும்பிவிட்டேன். அவருடைய கையைப் பற்றி இவ்வளவு மரியாதையாக ஒருவர் பேசி நான் கேட்டது அன்றுதான். அதை என்னுடையதென்று உரிமை கோர ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தோடு சுங்கக் கந்தோர் போய்விடும். கலியாணப் பேச்சில் நான் இருந்த கதிரையின் உயரமும் போய்விடும்.

"தம்பி, காத்துக் கூடுது. போவம்" என்றேன்.

"ஓம், சேர்." திறப்பைத் திருப்பினார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சம்பந்தியம்மா அந்த வறையைப் பற்றி மறுபடியும் பேசினார். நான் தலையிடியென்று எழுந்து போய்விட்டேன்.

மறுநாட் காலை மன்னார் ரயில் நிலையத்தில் எங்களை இறக்கினார். சம்பந்திகள் முன்னால் நடந்து போனார்கள். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் என்னோடு மெல்ல நடந்தார்.

"என்னை உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "ஓம், சேர். முதல் நாளே."

"எப்படி?"

"உங்கட அம்மாவின்ர நெத்தி. பிறகு, நீங்கள் நடக்கிறது. லீவில வந்து வெள்ளை நீளக் களிசான் போட்டுக்கொண்டு பியரில நடப்பியள். அவ இருக்கிற பக்கத்தால வராமல் மற்றப் பக்கத்தால போவியள். சின்னப் பொடியனெண்டாலும் அதை நான் கண்டனான்."

குற்றம் சாட்டும் தொனி அதில் சிறிதும் இல்லை. பெருக்கமரத்தைப் பற்றிச் சொன்ன அதே குரல். கண்டதைச் சொன்னார்.

"நேற்று ஏன் சொல்லேல்லை?"

"நான் சொல்லுறதுக்கில்லை, சேர். அது உங்கட." பெட்டியை மறுபடி தூக்கினார். "நீங்கள் சொல்லுவியளாக்கும் எண்டு கொஞ்ச நேரம் பார்த்தனான்."

ரயில் வந்தது. பெட்டியை மேலே ஏற்றி வைத்தார். "கைபிடி ஒரு பக்கம் கழண்டிருக்கு. இறக்கேக்க கவனம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கையசைக்க நிற்கவில்லை. பிறகு ஒருமுறை தொலைபேசியில் அவரோடு பேசினேன். ஊரில் மழையா என்று கேட்டேன். "பேசாலைப் பக்கம் பெய்யுதாம். எனக்கு முன்னால பெய்யேல்லை" என்றார். அவ்வளவுதான் எங்களுக்கிடையிலான பழக்கம்.

ரயில் தீவை விட்டுக் கடந்து பெருநிலத்துக்கு வந்தது. இருபுறமும் வயல்கள் பச்சையாக விரிந்தன. சம்பந்தி யன்னலோரம் கண்ணயர்ந்திருந்தார். சம்பந்தியம்மா எனக்கு எதிரே கொப்பியை மடியில் வைத்து, மூன்று நாட்களில் எழுதியவற்றைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் "சுறா வறை" என்று தலைப்பிட்டு, இரண்டு வரிகளுக்குக் கீழே வெறுமையாக விட்டிருந்தது தலைகீழாக எனக்குத் தெரிந்தது. அந்த வெறுமையை நெடுநேரம் பார்த்தேன். துணிவு வந்தது என்று எழுதினால் அது பிழை. காவல் காத்துக் காத்து அலுத்துவிட்டது; அதுதான் சரி.

"பால் எடுத்த பூ" என்றேன்.

"என்ன அண்ணை?"

"தேங்காய்ப்பூவைப் பிழிஞ்சு பால் முழுக்க எடுத்துப்போட்டு, மிஞ்சின சக்கையைத்தான் வறைக்குப் போடுறது. பால் சொதிக்குப் போகும். அந்தச் சக்கையை வெறுஞ் சட்டியில ஈரம் போக வறுத்து, அவிச்சு உதிர்த்த பால்சுறாவோட கலக்கிறது. பால் இல்லாதபடியால் புளிக்காது."

அவர் வேகமாக எழுதிக்கொண்டு வந்தார். சக்கை என்ற சொல்லில் பேனை நின்றது. "இதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. விடியக் காலமை இருந்து தேங்காய் திருவிக் குடுத்தனான் நான். அந்தத் தம்பி சொன்ன மனிசி என்ர அம்மா. தகப்பனார் சுங்கத்தில காவற்காரர். அவர் செத்த பிறகு அம்மாதான் பியரில சாப்பாடு வித்து என்னைப் படிப்பிச்சவ."

சம்பந்தி கண்களைத் திறந்திருந்தார். எப்போது விழித்தாரென்று தெரியவில்லை. மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். நான் குடித்தேன். சம்பந்தியம்மா கொப்பியை மூடிவிடுவார் என்று எதிர்பார்த்தேன், அவர் மூடவில்லை. தலைப்புக்கு முன்னால், "அண்ணையின்ர அம்மாவின்ர" என்று எழுதினார்.

"எத்தினை தேங்காய், அண்ணை?" என்று கேட்டார்.

"கப்பல் நாளில பன்னிரண்டு" என்றேன்.